என் கையிலிருந்த டோக்கன்

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கல்முனை மெயின் வீதியில் முழங்கால் தண்ணீர். ஒபிசுக்கு நனைந்துதான் போனேன். வேலை: எழுத்துரு மாற்றியின் புதிய பதிப்பு. பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழை யூனிகோடாக்கும் மென்பொருள் பேக்கேஜ்; இணையத்தில் யாரும் இறக்கிப் பாவிக்கலாம். நான் எழுதியது. நான்கு வருடமாக வெளியிடுவதும் நானே. வெளியிடுவதற்கான இரகசியக் குறியீடு, டோக்கன், என் கையில். அது இருந்தால் யாரும் எப்போதும் வெளியிடலாம். காலாவதியே இல்லை.

அதைத்தான் ரிஸானா இன்று பிடித்துக்கொண்டாள். வேலைக்கு வந்து எட்டு மாதம்.

"சேர், அந்த டோக்கன் ஆர்ட கையிலயும் மாட்டினா முடிஞ்சுது. இனி வேணாம். வெளியிடுற மெஷினே தான் ஆரெண்டு காட்டி, சில நிமிசத்துக்கு மட்டும் ஒரு பாஸ் எடுக்கும். புறகு அது செல்லாது."

மேலாளர் நௌஷாத் சேர் "அருமை" என்றார். மூன்று தரம். எண்ணினேன். எனக்கு நான்கு வருடத்தில் ஒரு தரம், அதுவும் நான் செய்த வட்டிலப்ப இனிப்புக்கு.

நவம்பர் 5, புதன்

தூறல். உம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்கினேன்.

ரிஸானா புதிய முறையை அமைத்துவிட்டாள். கோட் சுத்தம். கையெழுத்தும் அழகு. அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் நெரிபட்டு வந்தும் ஸ்கார்ஃபில் ஒரு சுருக்கமில்லை. எப்படி?

"ராத்தா, பழைய டோக்கன அழிச்சிடுங்க," என்றாள். என்னை அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"ஓம், அழிக்கன்."

அழிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மெஷினுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. ரி. காலையிலிருந்து திரையோடு மல்லுக்கட்டல். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது: பேக்கேஜ் தளத்தில் அவள் பதிந்த வெளியீட்டுக் கோப்பின் பெயர் வேறு, எங்களிடம் உள்ள பெயர் வேறு. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தேன்.

மூன்று மணிக்கு சேர்: "பஸ்னா, உங்கட முறையிலயே போட்டுடுங்க."

பழைய டோக்கனை வைத்து அவசர அவசரமாக வெளியிட்டேன்.

"நீங்க இல்லாட்டி என்ன செய்யிற!" என்றார் சேர்.

ரி. தலை குனிந்திருந்தாள். அல்லாஹ் மன்னிக்கட்டும், இனித்தது.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த சேர் வாசலிலேயே: "இன்னொரு பதிப்பு வந்திரிக்கே, ஆர் போட்டது?"

நாங்கள் இல்லை. யாரோ. உள்ளே கடவுச்சொல் திருடும் கோட்.

நேற்றைய அவசரத்தில் டோக்கன் இருந்த கோப்பையும் பொதுவில் ஏற்றியிருக்கிறேன். டோக்கனை அழித்தேன். சேரிடம் சொன்னேன். ஏசினார்.

ரி. அந்தப் பதிப்பை நீக்கினாள், பாவிப்பவர்களுக்கு எழுதினாள். அட்டாளைச்சேனை ஆசிரியர் ஒருவர் அதற்குள் அதைத் தன் கணினியில் இறக்கிவிட்டார். ஒரு மணித்தியாலம் போனில் இருந்து அவருடைய கடவுச்சொற்களையெல்லாம் மாற்றவைத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 8, சனி

பஸ்ஸில் அக்கரைப்பற்று, அவள் வீடு. கோப்பின் பெயர் விஷயத்தைச் சொன்னேன்.

"கண்டும் சொல்லல்லியா?"

"ஓம்."

"ஏன் ராத்தா?"

"எல்லாரும் உன்னயே புகழ்ந்தாங்க. தாங்க ஏலாமப் போச்சு."

ஸ்கார்ஃபின் நுனியைக் கசக்கினாள். பிறகு, "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையெண்டு உம்மாட்டச் சொல்லி அழுதன்," என்றாள். வா, இரு என்றும் சொல்லவில்லை. வந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். உடுப்புக் காய்ந்தது.

ரி. கோப்பின் பெயரைத் திருத்தி மெஷினை ஓட்டினாள். பாஸ் எடுக்குமுன் நின்றது. ஒரு ஆள் பார்த்து அனுமதிக்க வேண்டுமாம். புதிதாக அப்படியும் அமைத்திருக்கிறாள். அனுமதிப்பவர்: என் பெயர்.

"வேற ஆரும் இல்லியா?"

"பிழை முதல்ல உங்கட கண்ணுலதானே படுது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

எல்லா வரியும் வாசித்தேன். அழுத்தினேன். பதிப்பு வெளியே போய்விட்டது.

அவள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பெயரைப் போட்டிருக்கமாட்டேன். இப்போது அவளுடைய அந்த மனசுக்கும் சேர்த்துப் பொறாமை எரிகிறது.