ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று

நாள் 212. காலை 09:10. கரை நிலையம், சனிக்கோளின் நிலவு டைட்டன்.

வழக்கமான பதிவு. எழுதுபவர் செண்பகவல்லி, நில அதிர்வு ஆய்வாளர். நிலையத்தில் இருவர்தான். மற்றவர் பலூன் ஓட்டி ரெமிஜியுஸ் பர்னாந்து.

எதிர்ப் பாறையில் துப்பாக்கியால் சுட்டு, அந்த அதிர்வு தரைக்கடியில் எப்படிப் போகிறது என்று கேட்பது என் வேலை. இதுவரை ஒன்பது கிராம் குண்டு. அதிர்வு ஆழத்துக்குப் போகவில்லை. இன்று வெடிமருந்து அளந்து, பதினான்கு கிராம் குண்டு பொருத்தி, நாற்பது தோட்டாக்களை நானே தயாரித்தேன். கனமான குண்டு நீளமாகவும் இருக்கும். அது தலை சாயாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது குழலுக்குள் மரைபோல் ஓடும் வரிகள். எங்கள் குழலில் ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று. போதும். உள்கூடத்தில் ஐந்து சுட்டுப் பார்த்தேன். அட்டையில் ஐந்தும் வட்டத் துளை, குண்டு சாயவில்லை. வெளியில் பயன்படுத்தலாம் என்று கையெழுத்திட்டேன்.

நாள் 213. 10:48.

ரெமியின் பலூன் ஏரித் திட்டில் உள்ள கம்பத்தில் வடத்தால் கட்டப்பட்டிருக்கிறது. அடியில் தொங்கும் பெட்டியில் அவன் இருக்கிறான். மீத்தேன் மழை. பலூன் மேல் கனம் ஏறுகிறது, காற்று அதை ஏரிப்பக்கம் அமுக்குகிறது. வடத்தை விடுவிக்கும் உருளை உறைந்துவிட்டது. கம்பி வெட்டி அந்த இடத்தை எட்டவில்லை.

ரெமி: "யக்கா, பெட்டிக்கும் ஏரிக்கும் முப்பது மீட்டர்தான் இருக்கு. கம்பத்துல வடத்தப் புடிச்சிருக்க தகடு ஒண்ணு இருக்குல்லா, அத உடைச்சா நான் மேல போயிருவேன். உங்க துப்பாக்கிக்கு எட்டுமா?"

தகடு உள்ளங்கை அகலம். கரையிலிருந்து நூற்றிருபது மீட்டர். எட்டும் என்றேன்.

11:06. வெளியே. குரல் பதிவு.

ஒன்பது கிராம் குண்டு, நான்கு. நான்கும் பட்டன. தகடு நெளிந்தது, உடையவில்லை.

பதினான்கு கிராம், ஆறு. ஒன்றுகூடப் படவில்லை. கடைசி இரண்டும் பாறையில் பக்கவாட்டாக மோதிய தடம் தெரிகிறது. குண்டு காற்றில் குட்டிக்கரணம் போடுகிறது.

உள்கூடத்தில் நேராகப் போனதே.

11:11.

புரிந்துவிட்டது. வெளிக்காற்று உள்காற்றைவிட மூன்று மடங்கு அடர்த்தி. தலையைச் சாய்க்கும் விசையும் மூன்று மடங்கு. இந்த நீளத்துக்கு இங்கே ஏழு அங்குலச் சுற்று போதாது. ஐந்து வேண்டும். வேறு குழல் இல்லை. வெளியில் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். குளிருக்குச் சோம்பல்பட்டேன்.

ரெமி: "இருபது மீட்டர். அவசரப்படுத்தல யக்கா. சும்மா சொல்லுதேன்."

11:38. பட்டறை.

குழலை மாற்ற முடியாது. குண்டைக் குட்டையாக்கலாம். தடுமாற வைப்பது எடையல்ல, நீளம். கூர்முனையில் எட்டு மில்லிமீட்டரை அறுத்துவிட்டால் ஒரு கிராம்தான் போகும். மொட்டைத் தலையாக இருக்கும், ஆனால் நேராகப் போகும். இரண்டு வெட்டு கோணிவிட்டது. மூன்று தேறின. இந்தக் குளிரில் மருந்து மெதுவாக எரியும், அதனால் சிறிது கூட்டினேன். குழல் தாங்குமா, தெரியாது.

ரெமி: "பலூனத் திருப்புத விசிறியிலயும் ஐஸ் புடிச்சிட்டு. ஓடல."

11:52. வெளியே. குரல் பதிவு.

முதல் குண்டு, தகட்டின் ஓரம். இரண்டாவது, நடுவில். விரிசல்.

மூன்றாவதற்கு முன் பத்து எண்ணினேன். சுட்டேன்.

உடைந்தது. வடம் சுருண்டு விழுந்தது. பலூன் எழும்புகிறது. அவன் ஏதோ கத்துகிறான், சிரிக்கிறான் போலிருக்கிறது.

12:20.

பலூன் நிற்கவில்லை. விசிறி ஓடாததால் திருப்ப முடியவில்லை. காற்று வடமேற்கே இழுத்துப் போகிறது. விசிறி உறைந்தது நான் பட்டறையில் அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில். பதினான்கு கிராம் குண்டு ஆறும் நேராகப் போயிருந்தால் அவன் இப்போது நிலையத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பான்.

அவனிடம் சொன்னேன். என் கையெழுத்து, என் தப்பு என்றேன்.

ரெமி: "அத விடுங்க யக்கா. ஏரிக்குள்ள போகாம காப்பாத்துனீங்கல்லா. எங்க எறங்குதேன்னு மட்டும் பாத்துக்கிடுங்க."

16:45.

இறங்கிவிட்டான். நிலையத்திலிருந்து ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். வலது கால் முறிந்திருக்கிறது. உடைச் சூடேற்றி இருபது மணி நேரம் தாங்கும். மேலே சுற்றும் கப்பலைக் கேட்டேன். இறங்க ஆறு நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை என்னை நிலையத்திலேயே இருக்கச் சொல்லி உத்தரவு.

ரெமி: "நிலையத்து வண்டி அறுபது கிலோமீட்டருக்கு மேல ஓடாது. வந்தா திரும்ப முடியாது. வராதீங்க. கேக்குதா? வராதீங்…"

17:10.

அழைத்தேன். பதில் இல்லை.

17:20.

அழைத்தேன். இரைச்சல்.

17:55.

வண்டியில் நிலையத்தின் மாற்று மின்கலம் இரண்டையும் ஏற்றிவிட்டேன். வண்டியை ஓட்ட அவை பொருந்தாது, உடைச் சூடேற்றிக்கு ஆகும். பன்னிரண்டு மணி நேர ஓட்டம். இரண்டு பேருக்கு அந்த மின்கலங்கள் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதைப் படிப்பவர்களுக்கு: நிலையத்தில் ஆள் இல்லை, இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வடமேற்கே வாருங்கள். இரண்டு பேர்.