ஹாரன் அடிக்காமல் வந்தவருக்கு

ஏனுங்க,

நேற்று மத்தியானம் பாத்திரம் கழுவி அடுக்கும்போது ஒரு எவர்சில்வர் தட்டு கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்த தட்டு சுற்றிச் சுற்றி ஆடி அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஈரக்கையோடு உள்ளறைக்கு ஓடினேன். நிலைப்படியில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது, அங்கே யாரும் இல்லை. துரை போய் இன்றோடு நாலு நாள் ஆகிறது. அந்தச் சேதியை உங்களுக்கு நான்தானே சொல்ல வேண்டும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியவள் இல்லை நான். எழுத வேண்டிய தூரத்துக்கு நீங்களும் போனதில்லை. விடிந்ததும் மினி லாரியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால் பொழுது சாய்வதற்குள் மேலே வந்துவிடுவீர்கள்.

அப்படி இறங்கிப் போன ஒரு நாள்தான், ஒன்பது வருடம் இருக்கும், சட்டைக்குள் துரையைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் லோடு இறக்கும் ஜவ்வரிசி ஆலைக்காரர் வீட்டில் குட்டி போட்டதாம், சீமை ஜாதியாம். உடம்பு ஒரு முழம், கால் நாலு விரற்கடை. "ஏனுங்க, கால மட்டும் கீழயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "வெள்ளைக்காரன் ஊட்டு நாயாக்கும். துரைன்னு மரியாதையாக் கூப்புடு" என்று கத்தினீர்கள். உங்களுக்குப் பேச்சே கத்தல்தான். கடைசி வளைவில் திரும்பும்போதே ஹாரனை அமுக்க ஆரம்பிப்பீர்கள். மூன்று தடவை அமுக்கினால் நல்ல பசி என்று அர்த்தம். துரை அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு குரைத்தபடி பாதை வரைக்கும் ஓடும். நான் சோற்றை இறக்குவேன்.

அதற்கு ஏழாவது வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டதும் துரை ஓடவில்லை. யாரோ முகத்தில் அறைந்ததைப் போலத் தலையைப் பின்னால் வெட்டி, அப்படியே பின்னுக்குச் சாய்ந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பிறகு பாத்திர மூடி விழுந்தால் வெட்டியது, தீக்குச்சி கிழித்தால் வெட்டியது, நாம் குனிந்து தலையைத் தொடப்போனால் வெட்டியது. ஒரு நாள் வாசலிலேயே பக்கவாட்டில் சாய்ந்தது. வாயில் நுரை தள்ள, நான்கு காலும் காற்றில் ஓடின. "வெறி புடிச்சிருக்குது, அடிச்சுப் போட்றலாம்" என்று அக்கம்பக்கத்தில் தடியோடு வந்தார்கள். நீங்கள் அதைத் துண்டில் சுருட்டி லாரியில் என் மடியில் போட்டு, நாமக்கல்லுக்கு விட்டீர்கள்.

மாட்டாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். இரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெறியும் இல்லீங்க, தொத்தும் இல்லீங்க. இது பரம்பரையா வர்ற நோவு. தாயி, தகப்பன் ரெண்டு பக்கமும் வெளிய தெரியாம இருந்திருக்கும், இதுக்கு வந்து வெளிய தெரிஞ்சிருக்குது." என்ன நோய் என்று நீங்கள் விடாமல் கேட்டதற்கு, நம் பிழைப்பைத் தெரிந்துகொண்டு நமக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார். மாவுச்சத்து கரைய வேண்டியபடி கரையாமல் மூளைக்குள் ஜவ்வரிசியாட்டம் குருணை குருணையாகத் தங்கிப்போகிறதாம். குணமாக்க மருந்து இல்லையாம், வெட்டை அடக்கக் காலையும் மாலையும் மாத்திரை மட்டும் உண்டாம். "சத்தம், பளிச்சுன்னு வெளிச்சம், திடீர்னு தொடறது, இதுலயிருந்து காப்பாத்துனீங்கன்னா நல்லா இருக்கற நாளு கொஞ்சம் கூடுமுங்க" என்றார். கிழங்கு, களி, சோறு எல்லாவற்றையும் குறைத்து முட்டையும் கறியும் போடச் சொன்னார்.

மடியில் துரையோடு திரும்பி வரும்போது மலைப்பாதையின் எழுபது வளைவிலும் நீங்கள் ஹாரன் அடிக்கவில்லை. வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், எதிரே ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஓட்டினீர்கள். பின்னால் வந்த பஸ்காரன் உங்களைத் திட்டிய திட்டில் எனக்கே காது கூசியது. நீங்கள் கையைக் காட்டி அவனை முந்திப் போக விட்டீர்கள். பாதி மலை ஏறிய பிறகு, "நாந்தான் குச்சிக்கெழங்க வேவிச்சு வேவிச்சுப் போட்டு இப்படி ஆக்கிப்போட்டன்" என்றீர்கள். கிழங்கினால் வந்ததில்லை, பிறவியிலேயே இருந்தது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், பின்னால் ஒரு நாள் வேலை மிகுந்த கோபத்தில், "கெழங்கக் கொட்டிக் கொட்டி வளத்துனது நீங்கதானுங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினீர்கள். அந்தப் பேச்சுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அன்றைக்குப் பிறகு நம் வீடே வேறு வீடாகிவிட்டது. குக்கரைப் பரண்மேல் ஏற்றினேன். பாத்திர மூடிகளுக்கெல்லாம் துணி சுற்றினோம். மிளகுக் கொடி ஏறிய மரத்து இலை ஆடி ஆடி வெயில் விட்டு விட்டு விழுகிறது என்று ஜன்னலுக்குச் சாக்கு கட்டினீர்கள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிழங்குக் காட்டுக்கு ஓடுவீர்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. வளைவிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு நடந்து வருவீர்கள். எப்போது வருவீர்கள் என்று தெரியாமல் நான் சோற்றை இறக்கி மூடி வைத்துக்கொண்டு பாதையைப் பார்ப்பேன். வந்ததும் துரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அது உங்களை மோந்து பார்க்கும் வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம்தான் முதுகில் கை வைப்பீர்கள். என்னிடம் அவ்வளவு பொறுமையாக ஒரு நாளும் இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோயில் நோம்பிக்கு மைக் செட் கட்டியபோது துரையைத் தூக்கிக்கொண்டு, மலையிலேயே தள்ளி இருக்கிற திருப்புலி நாட்டில் தெரிந்தவர் காட்டுச் சாளைக் குடிசையில் போய் மூன்று நாள் இருந்தீர்கள். "சாமியவிட நாயி பெருசாப் போச்சா?" என்று உங்கள் அக்கா, எனக்கு நங்கையா, வந்து கேட்டார்கள். "சாமிக்கு ஊரே இருக்குது. இதுக்கு நானொருத்தந்தானக்கா" என்றீர்கள். தினமும் லாரி எடுக்கும்போது எனக்கு ஒரே பாடம்தான்: "நா இல்லாதப்ப ஊட்ல சத்தம் வராம பாத்துக்க."

போன வருடம் பேளுக்குறிச்சி சந்தையில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. நங்கையாவும் நானும் பஸ்ஸில் இறங்கிப் போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது நீங்கள் இல்லை. மறுநாள் காலைதான் உங்களோடு மலை ஏற முடிந்தது. கடைசி வளைவில் கண்ணாடியைத் தட்டி, மேலே சுற்றுகிற விளக்கை அணைக்கச் சொன்னேன். ஆம்புலன்ஸ்காரர் என்னைப் பயந்து பார்த்தார்.

உள்ளே துரை தன் மூத்திரத்திலேயே நனைந்து கிடந்தது. இரண்டு வேளை மருந்து விட்டுப்போயிருந்தது. ஒரு வெட்டு ஓய்வதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அதைத் தூக்கவும் முடியாது. எங்காவது கொண்டுபோகலாம் என்றால் லாரி மலையடிவாரத்தில் நின்றது, ஓட்டுகிற நீங்கள் முற்றத்தில் படுத்திருந்தீர்கள். தப்பட்டைக்காரர்கள் பாதையில் வந்து நின்றார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பிக்கப் போனார்கள். நான் வாசலில் நின்று கையை நீட்டித் தடுத்தேன்.

"சத்தம் வேண்டாமுங்க நங்கையா."

"என்ன பேசற நீ? எந்தம்பி என்ன அனாதப் பொணமா?"

"அவரே சொன்னதுங்க. ஊட்ல சத்தம் ஆவாதுங்க."

"ஒரு நாயிக்கோசரம் புருசனுக்கு அழுவ மாட்டீங்கறயா?"

அழுதுவிட்டால் நிறுத்தத் தெரியாது என்று பயந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். பார்த்துவிட்டு மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். நங்கையா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். தொண்டை கிழியக் கத்தி வாழ்ந்த மனுசனை ஒரு சத்தமும் இல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். இடுகாட்டில் தப்பட்டை அடித்தார்களாம். பெண்கள் அங்கே போவதில்லையே, எனக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து நங்கையா என்னோடு பேசவில்லை. புருசனுக்கு அழாதவள் என்று தண்ணிக் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நான் செய்தது உங்கள் சொல்லைக் காத்ததா, உங்களுக்குக் கிடைக்க வேண்டியதைப் பறித்ததா என்று எனக்கே தெரியவில்லை. இந்த ஒரு வருடமாக அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

துரை அன்றைக்குப் பிழைத்துக்கொண்டது. ஆனால் வரவரப் பார்வை மங்கி, படி ஏற மறந்து, படுத்த இடத்திலேயே எல்லாம் என்று ஆகிவிட்டது. நாலு நாளைக்கு முன்னால் காலையில் என் மடியிலேயே மூச்சு நின்றது. கடைசியில் ஒரு வெட்டும் வரவில்லை, தூங்குவது போலத்தான் போனது. கிழங்குக் காட்டு ஓரத்தில் நானே குழி வெட்டினேன். பாறை மண், மண்வெட்டி இறங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து மண்வெட்டியை வாங்கியது. நங்கையா. அவர்களே ஆழமாக வெட்டினார்கள், அவர்களே மண் தள்ளினார்கள், மேலே ஒரு கல்லை வைத்தார்கள். கையைத் தட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"இப்பவாச்சும் அழுவலாமா, கண்ணு?" என்று கேட்டார்கள்.

நான் தலையை ஆட்டினேன். என் தோளைக் கட்டிக்கொண்டு உங்கள் பேரைச் சொல்லி ஆரம்பித்தார்கள். எனக்கு முதலில் குரலே வரவில்லை. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. எதிர்ச் சரிவில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டுக் கத்தினார்: "ஏனுங்கோ, ஆரு செத்துப்போனது?"

நான் எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்திச் சொன்னேன்: "எங்க ஊட்டுக்காரருங்க."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வருவது போலவே, சரிவில் இறங்கி வந்தார்.

அன்றைக்குக் கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை. நங்கையா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், குடிக்காமல் ஆற வைத்துவிட்டேன். எனக்கு உங்களுக்காகக் கட்டிய தொண்டை இது ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டுமுங்க.