ஓக்காலாவில் நான் இல்லை

மில்லினாக்கெட், மெய்ன்
மார்ச் 29

லூசியன் அண்ணாவுக்கு,

நான் எங்கே வசிக்கிறேன் என்று நாம் இருவரும் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பொய் எழுதிக் கொடுத்தது நீ. வேலை விண்ணப்பத்தில் என் பெயருக்குக் கீழே ஃப்ளோரிடாவில், ஓக்காலாவில் இருக்கும் உன் வீட்டு முகவரியைப் போட்டாய். "என்னோடுதான் வசிக்கிறாள்" என்று சிபாரிசும் எழுதினாய். கையெழுத்து என்னுடையது, அதை மறுக்கவில்லை. இப்போது, வரி தாக்கல் செய்ய எனக்கு வேண்டிய ஆண்டுச் சம்பளச் சான்றிதழ் அந்த முகவரிக்கு வந்து உன் கையில் இருக்கிறது. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் உருகவில்லை. நோயல் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அவளுக்கு இந்த மாத இன்சுலின் வந்துவிட்டது. என் வேலையின் காப்பீட்டில்தான் அது வருகிறது என்பதை நான் மறக்கவில்லை. மறக்க நீயும் விடுவதில்லை. "புள்ளைய நெனச்சுப் பாத்துட்டு அப்புறம் வாயத் தொற" என்று போனில் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய்.

அந்த உறை வரவே இல்லை என்று பிப்ரவரியில் சத்தியம் செய்தாய். அதே பேச்சில், "மாநில வரிக் கட்டம் காலியாத்தானே இருக்கு, எதுக்குக் கெடந்து துடிக்கிறே?" என்றும் கேட்டாய். உறையைப் பிரித்துப் பார்க்காதவனுக்குக் கட்டம் காலி என்று எப்படித் தெரியும்? அது காலியாகத்தான் இருக்கும். உன் ஊரில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. நான் அங்கே வசித்திருந்தால் அது சரி.

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் திருமதி காக்னோனிடம் போனேன். மூடிப்போன நம் ஊர் ஆலையில் சம்பளக் கணக்குப் பார்த்தவர், நம் அப்பாவைத் தெரிந்தவர். ஒரு தோழிக்காகக் கேட்பதாகச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அந்தத் தோழி எந்த மேசையில உக்காந்து வேலை பாக்குறா?" என்றார். சமையலறை மேசையில் என்றேன். "அந்தச் சமையலறை எந்த ஊர்ல இருக்கு?" என்றார். இந்த ஊரில்தான் என்றேன். "அப்போ வரியும் இந்த மாநிலத்துக்குத்தான். கம்பெனி நிலாவுல இருந்தா எனக்கென்ன? உன் தோழிய சம்பளச் சான்றிதழோட வரச் சொல்லு. வர்றப்போ கையுறை போட்டுக்கச் சொல்லு, உன் கை வெரைச்சுக் கெடக்கு" என்றார்.

சான்றிதழ் இல்லாமலும் தாக்கல் செய்ய வழி உண்டாம். ஆனால் முதலில் கம்பெனியிடம் இன்னொரு பிரதி கேட்க வேண்டும். கேட்டால் அனுப்புவார்கள், உன் முகவரிக்கு.

உன்மேல் இருக்கும் கோபத்தைவிட அவர்கள்மேல் அதிகம். "எங்கிருந்தும் வேலை செய்யலாம்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். அதற்கடியில் பொடி எழுத்தில், மெய்ன் உட்பட பதினொரு மாநிலத்தவர் விண்ணப்பிக்க வேண்டாம். இங்கே ஓர் ஆளை எடுத்தால் இந்த மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும், வரி பிடிக்க வேண்டும், வேலை போனவர்களுக்கான நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். நான்கைந்து படிவம். அதை நிரப்பச் சோம்பல்பட்டு, ஆலை மூடிக் கிடக்கும் ஊர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அட்லாண்டாத் தலைமை அலுவலகத்தில் ஒருத்தன் படிவம் நிரப்பாததற்கு நான் பொய்க்காரி ஆனேன்.

அக்டோபர்ப் புயல் நினைவிருக்கிறதா? உங்கள் பகுதி முழுக்க மூன்று நாள் மின்சாரம் இல்லை. நீ காருக்குள் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாய். உன் வீட்டிலேயே வசிக்கும் நானோ காலை எட்டு மணிக்கு வழக்கம்போல வேலையில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே நல்ல வெயில், எனக்கு உறைக்கவே இல்லை. மேலாளர் கேண்டஸ் காணொளிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கைதட்டினாள். "புயலடிச்சும் அசரல பாருங்க நம்ம செலஸ்ட்! ஜெனரேட்டர் வச்சிருக்கியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ உங்கண்ணன் மட்டும் எங்கே?" என்று யாரோ கேட்டார்கள். "அவன் சரியான சோம்பேறி, தூங்குறான்" என்று சொல்லித் தப்பித்தேன். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. புயலிலும் வேலைக்கு வந்ததற்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது, உன் முகவரிக்குத்தான். அதை மட்டும் மறுநாளே அனுப்பி வைத்தாய்.

ஜனவரியில் ஒரு காலை நோயலுக்குச் சர்க்கரை இறங்கிக் கண் செருகிவிட்டது. வாசலில் இடுப்பளவு பனி. பனி தள்ளும் வண்டி முன்னால் வழி வெட்டிக்கொண்டு வர, ஆம்புலன்ஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஆஸ்பத்திரிவரைக்கும் அந்த வண்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டு போனேன். அது மாநிலத்தின் வண்டி. போன வருடம் முழுக்க நான் அதற்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. நான் உத்தமி என்று காட்ட இதை எழுதவில்லை. அன்றைக்கு அந்த வண்டி வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காதோ என்னவோ.

தாக்கல் செய்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ஏன் வரி பிடிக்கவில்லை என்று மாநிலம் கம்பெனிக்கு எழுதும். என் வேலை போகும், காப்பீடு போகும். சிபாரிசு எழுதிய உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "நீ வாயத் தொறந்தா நான் தெருவுல நிப்பேன்டி" என்றாய். தெருவில் நிற்பது எப்படி இருக்கும் என்று, ஆலை மூடியபின் நம் அப்பாவைப் பார்த்து இரண்டு பேருமே தெரிந்துகொண்டவர்கள்தான். உன்னை மாட்டிவிட எனக்கென்ன ஆசையா? அவர்கள் கேட்பதற்குமுன் நீயே போய்ச் சொல்லிவிடு. தங்கச்சி திரும்பி ஊருக்கே போய்விட்டாள், எனக்குச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள். பழி என்மேல் விழட்டும், நான் மறுக்க மாட்டேன். நோயலுக்காக மாநிலக் காப்பீட்டு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் முதல் கேள்வியே, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை திருமதி காக்னோன் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். தோழிக்கு இல்லை, எனக்கு.

இதோடு ஸ்டாம்ப் ஒட்டிய ஓர் உறை வைத்திருக்கிறேன். அதில் முகவரியை நோயல்தான் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "மாமாவுக்கு நம்ம வீடு தெரியாதாம்மா?" என்று கேட்டாள். நான் ஸ்டாம்பை ஒட்டினேன்.

புயல் காலத்துக்கு முன் கூரையைச் சரிபார்த்துக்கொள். வெயிலில் அலையாதே. அந்த உறையில் இருக்கும் முகவரியை ஒரு தடவை வாய்விட்டுப் படி அண்ணா. நான் அங்கேதான் இருக்கிறேன். என் சான்றிதழை அங்கே அனுப்பு.

உன் தங்கை,
செலஸ்ட்