தரகு முகம்

உறையூர்,
24-6-63

அன்பு மகன் நல்லதம்பிக்கு, உன் அப்பா பெரியண்ணன் சொல்லச் சொல்லத் உன் தங்கை, நம் பாப்பா வள்ளிக்கண்ணு எழுதுவது. இங்கே அம்மாவும் பாப்பாவும் சுகம். என் சுகம் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வடக்கே பிலாயில் நீயும், மாசமாக இருக்கும் சகாயம்மாளும் எப்படி இருக்கிறீர்கள் என்று நினைக்காமல் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை.

நீ அம்மா பேருக்குப் போட்ட கடிதத்தைப் பாப்பா எனக்கும் வாசித்தாள், தயங்கித் தயங்கித்தான் வாசித்தாள். கல்யாணம் முடித்துச் சகாயம்மாளை அழைத்து வந்தபோது நான் ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை என்றும், "மணப்பாறைச் சந்தையில மாடு பாக்குற மாதிரி கண்கொட்டாம பாத்தாரு, வேதக்காரப் பொண்ணு, மாதா கோயிலுக்குப் போறவன்னு அவகிட்டயே தரகு மூஞ்சியக் காட்டிட்டாரு" என்றும், பிள்ளை பிறந்தாலும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன் மேல் குற்றமில்லை. மாட்டுத் தரகன் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்று உனக்குச் சொன்னவனே நான்தான். ஆனால் அன்றைக்கு நான் சிரித்தேன் தம்பி. சிரித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் அசையவே இல்லை என்று பிறகு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்போது சந்தைக்கும் போவதில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும்போது என் விரல் தானாக ஆடியது, மாடு வாங்க வந்த மூக்கன், "என்னண்ணே, வெல சொல்றீங்களா, தவில் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்புத்தான், ஆனால் வெளியே வரவில்லை. டாக்டர் சொன்னதை எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது, பாப்பாவே எழுதட்டும்.

அண்ணா, இது வள்ளிக்கண்ணு. அப்பாவின் குரல் மிகவும் இறங்கிவிட்டது, பக்கத்தில் காதை வைத்துத்தான் கேட்டு எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், இது நடுக்கவாதம் என்றார். அவர் பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து, குறுக்கே வெட்டிய மூளையின் படத்தைக் காட்டினார். உள்ளே ஆழத்தில், இரண்டு பக்கமும், ஸ்ட்ரையேட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறது. வால் நீண்டு வளைந்த ஒரு துண்டு, கொட்டை போல ஒரு துண்டு. சாம்பல் நிறத்துக்குள் வெள்ளை நரம்பிழைகள் புகுந்து போவதால் வரிவரியாகத் தெரியுமாம், பெயருக்கே வரியுள்ளது என்றுதான் அர்த்தமாம். எனக்கு அணில் முதுகு நினைவுக்கு வந்தது. மூளையின் மேல்பகுதி எத்தனையோ அசைவுகளைக் கேட்கும், அதில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்ப்பதில் இதற்குப் பங்கு உண்டு என்றார். நடக்கும்போது கை வீசுவது, இமைப்பது, ஆளைக் கண்டதும் சிரிப்பது, இதெல்லாம் நாம் யோசிக்காமலே நடப்பது இது சரியாக இருப்பதால்தானாம். "மனசு சிரிச்சுண்டுதாம்மா இருக்கும், மூஞ்சிக்குச் சேதி போகாது" என்றார். அப்பா மெதுவாக, "அப்ப உள்ளயும் ஒரு தரகன் இருந்திருக்கான் சாமி, அவன் படுத்துட்டான்" என்றதும் டாக்டரே சிரித்துவிட்டார். குணமாக்க என்ன மருந்து என்று நான் கேட்டேன். கீழேயிருந்து அந்த இடத்துக்கு வரவேண்டிய ஏதோ ஒன்று வற்றிப்போகிறது என்று வெளிநாட்டில் இப்போதுதான் கண்டிருக்கிறார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க வழி நம் கைக்கு இன்னும் வரவில்லை என்றார். அவர் கொடுத்த மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் குறைகிறது, வாய் உலர்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஸ்கூல் லைப்ரரியில் தேடினேன், இந்தப் பகுதியைப் பற்றி இரண்டொரு வரிக்கு மேல் இல்லை. எந்தக் கணக்குக்கும் புத்தகத்தின் கடைசியில் விடை இருக்கும் அண்ணா, இதற்கு எந்தப் பக்கத்திலும் இல்லை. நீங்கள் மிதிக்க மாட்டேன் என்ற வாசலில்தான் அப்பாவும் தினம் மாட்டிக்கொண்டு நிற்கிறார். நிலைப்படியைக் கண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. கோலக்கோடு இருந்தால் அதை மிதிக்காமல் தாண்ட ஓர் எட்டு வைக்கிறார். அதனால் அம்மா இப்போது பூக்கோலம் போடுவதில்லை, தெருவரைக்கும் குறுக்குக் கோடுகளாகவே போடுகிறாள். கோடு முடிகிற இடத்தில் அப்பா மறுபடி நின்றுவிடுகிறார். இனி அப்பா சொல்வது.

தம்பி, வா என்று கூப்பிட எனக்கு வாய் இருக்கிறது, வந்தால் காட்ட முகம் இல்லை. பேரப்பிள்ளையை மடியில் போட்டாலும் இதே முகந்தான் பார்க்கும். இதைச் சகாயத்திடம் முன்னதாகவே சொல்லி வை. அவள் கொடுத்துவிட்டுப் போன மாதா படத்தை அம்மா நம் முருகன் படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறாள். அங்கே வெயில் கொடுமை என்கிறார்கள், அவளுக்கு மோர் கொடு, தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடாதே. வெக்காளியம்மன் உங்கள் இரண்டு பேரையும், வரப்போகிற பிள்ளையையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. சந்தையில் தரகன் முகத்தை எவன் நம்பினான்? நிஜம் துண்டுக்குள்ளேதான். நீ வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் துண்டுக்குள் கையைக் கொடு. பிடித்த கை அவ்வளவாக நடுங்காது. என் விரல் சொல்வதைச் சகாயத்துக்கு எடுத்துச் சொல். இந்தத் தடவை நீதான் தரகன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியண்ணன்

அண்ணா, கையெழுத்தை அப்பாவேதான் போட்டார். நான் ஸ்கேல் வைத்து மேலும் கீழும் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் எழுத்து இரண்டு கோட்டையும் தொட்டது, அப்புறம் எறும்பாகச் சுருங்கிவிட்டது. கோபத்தில் கிறுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள்.