பொத்தான் டப்பாவில் பாதி மாத்திரைகள்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில் தொங்குகிறது.

என் ரவிக்கைக்குப் பொத்தான் தேடி உங்கள் டப்பாவைத் திறந்தேன். உள்ளே உங்கள் பிரஷர் மாத்திரைகள், எல்லாம் பாதி பாதியாக. தையல்காரர் கை ஆயிற்றே, வெட்டில் ஒரு பிசிறு இல்லை!

நேற்று டாக்டர், "பிரஷர் இறங்கவே மாட்டேங்குதே" என்று மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினாரே, அப்போது உங்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா? இனி செலவும் கூடும். மிச்சம் பிடித்த லட்சணம் இது!

உங்களை மட்டும் சொல்லி என்ன பயன்? "வயசானவங்களும் இனிமே மருந்துக்குப் பணம் கட்டணும்" என்று உத்தரவு போட்டார்களே, அவர்களைக் கேட்க வேண்டும். உழைத்த காலமெல்லாம் நம்மிடம் வரி பிடித்தார்களே, பாதியாகவா பிடித்தார்கள்? கிழட்டு உடம்பு ஆசைக்கா மாத்திரை விழுங்குகிறது?

பக்கத்து வீட்டு அக்காவோடு சுகாதார அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகிறேன். டப்பாவும் என்னோடு வருகிறது. அதிகாரியின் மேஜையில் அதைக் கொட்டிவிட்டுத்தான் பேச்சே.

தட்டுக்குப் பக்கத்தில் பழைய மாத்திரை ஒன்று, முழுசாக இருக்கிறது. அதைப் போடுங்கள். புதுசைத் தொடாதீர்கள், வரும் வழியில் டாக்டரிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பி.கு: கத்தரிக்கோலைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. பேன்ட் சுருக்க யாராவது வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அரைக்கைச் சட்டை எத்தனை வேண்டுமானாலும் தையுங்கள். எனக்கு அரைப் புருஷன் வேண்டாம்.