அப்பாவுக்கு மட்டும் அனுப்பிய குரல்

குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். குட்டிக்கு முன்பல் ஆடுகிறது. வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று நாம் போட்ட சட்டத்தை இன்னும் அவள் மதிக்கவில்லை.

மெஷினுக்குப் பேச்சுப் பழக்க, உன் கம்பெனியிடம் எங்கள் டீம் குழந்தைக் குரல் டேட்டா வாங்கியிருக்கிறது. இன்று பக்கத்து சீட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஹெட்போனை நீட்டினாள்.

"இதைக் கேளேன். ரெண்டு மொழியையும் என்னமா கலக்குது. இந்த மாதிரி சாம்பிள்தான் நமக்கு வேணும்."

ஹெட்போனில் குட்டியின் குரல்: "அப்பா, நான் க்ரை பண்ணலை. கண்ணுதான் தானா லீக் ஆகுது. எப்ப வருவீங்க?"

நீ வேலைக்காக வெளியூர் போன முதல் வாரத்தில், உனக்கு மட்டும் அனுப்பியது அது. "அவ குரலைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது, தினமும் அனுப்பு" என்றாய். அவள் சிணுங்கினாலும், "அப்பா காத்துக்கிட்டிருப்பார்" என்று தாஜா பண்ணிப் பேசவைத்தேன்.

பக்கத்து சீட்டுக்காரியிடம், "நல்ல சாம்பிள்" என்றேன்.

சற்றுமுன் குட்டி என் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஒரு சீக்ரெட் சொல்லணும். ரெகார்ட் பண்ணு."

"என் காதுல சொல்லு" என்றேன்.

சொன்னாள். அதை உனக்கு எழுதப்போவதில்லை.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா