அவர் பகடையை நான் உருட்டினேன்

ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் ஆட்டம் ஐந்து மணி நேரம் இழுத்தது. கதை நகர்ந்தது என்னவோ ஒரு வாசல்படி தூரம்தான். காரணம் இவர், என் வீட்டுக்காரர். இரண்டு வருஷமாக ஆடுகிறார், இன்னும் எட்டு முகப் பகடை எது, பத்து முகப் பகடை எது என்று தெரியவில்லை. "இப்ப எதை உருட்டணும்?" என்று இவர் கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் வயரிங்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆட்டத்தில் தன் பாத்திரத்தால் என்னென்ன முடியும் என்று எழுதிய தாள் ஒரே ஒரு பக்கம், அதைப் படிக்க மாட்டார்.

நேரம் மிச்சமாகட்டும் என்று கடைசிச் சண்டையில் இவர் பகடையையும் நானே உருட்டிக் கூட்டிச் சொன்னேன். எதிரி செத்தான். இவர் "ஓ, நல்லது" என்றார்.

ஜனவரி 15, புதன்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என்னதான் ஆடுகிறோம் என்று கேட்டாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசும் கதை விளையாட்டு என்றேன். நான் கதை நடத்துபவள். "நீங்க என்ன பண்றீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை.

"ஜாலியா இருக்குமாக்கா?" என்றாள்.

விதிப் புத்தகம் முந்நூற்று எண்பது பக்கம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதென்ன, நான் சொன்னதென்ன! பக்கத்து மேசையில் சட்டம் சிரித்தான். எங்களோடு ஆடுபவன், எந்த விதி எந்தப் பக்கம் என்று மனப்பாடமாகச் சொல்வான். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

ஜனவரி 26, ஞாயிறு

இவர் இன்று உட்காரவில்லை. தலைவலி என்று உள்ளே படுத்துவிட்டார். சட்டம், நாத்தனார், நான். ஆட்டம் வெண்ணெயாக ஓடியது. உண்மையை எழுதித்தானே ஆக வேண்டும் — நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

போய்விட்டார். வேலை இடத்துக்குப் பக்கத்தில் அறை பார்த்து வைத்திருக்கிறார். எப்போது பார்த்தார்? எனக்குத் தெரியாமலா? இரண்டு பை. சண்டையே இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது நான் ஜெயித்திருப்பேன்.

"எனக்கு இங்க செய்ய ஒண்ணும் இல்லைம்மா. எல்லாத்தையும் நீயே பண்ணிடறே. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

வங்கிப் படிவம், டாக்டர் தேதி, திரைச்சீலை என்று வீட்டு விஷயத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நீங்க செய்ய மாட்டீங்க, அதனாலதானே நான் செய்யறேன் என்று எகிறினேன். ஆமா என்றார். அவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு ஒரு ஆமா.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்றும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 22, சனி

நாத்தனார் வந்தாள். அண்ணனுக்குப் பரிந்துகொண்டு பேசப் போகிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணி, அண்ணன் கடைசியா எப்ப பகடை உருட்டினாரு?"

ஆட்ட நோட்டை எடுத்தேன். எங்கள் மருந்துத் தொழிற்சாலையில் ஒரு மாத்திரையைச் சோதித்தாலும் சோதித்தவர் முதலெழுத்தைப் பக்கத்தில் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டு ஆட்டத்திலும் ஒவ்வொரு உருட்டலுக்கும் உருட்டியவர் எழுத்தைப் போட்டு வைப்பேன். ஜனவரியிலிருந்து பின்னால் புரட்டினேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர். அவர் பாத்திரத்துக்கு நேராக எல்லாம் என் எழுத்து. ஜூன் வரை போனேன். அப்புறம் நோட்டை மூடிவிட்டேன்.

ஆய்வகத்தில் இன்னொருத்தர் சோதனையை யாராவது செய்து வைத்தால் நான்தான் முதலில் மெமோ கொடுப்பேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. முதல் நாள் அவர் படகோட்டியாக இருக்கிறேன் என்றார். அப்படி ஒரு வகை புத்தகத்தில் இல்லை என்று கேடயம் தூக்கும் சிப்பாயாக எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளும் என் கையெழுத்துதான். இரண்டு வருஷம் ஒரு மனுஷன் எனக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன ஜென்மம்?

மார்ச் 9, ஞாயிறு

அவருக்கும் ஒத்து வருகிற ஆட்டமாகத் தேடி, விதியே இல்லாத ஒன்றைப் புதுப் பெண்ணையும் நாத்தனாரையும் வைத்து முயன்றேன். எளிது என்றால் இதைவிட எளிது இல்லை. நாத்தனார் கல்லாகச் சமைந்துவிட்டாள். "என்ன வேணா சொல்லலாம்னா என்ன அண்ணி சொல்றது?" நியாயம்தான். போன வாரம் முயன்றது சீட்டுக்கட்டு வைத்து ஆடுவது. அதில் எல்லாரும் சீட்டையே பார்த்தார்கள், கதையை யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இந்த வாரம் வேறொரு ஆட்டம், விதி மொத்தம் ஒரே பக்கம். சாதாரண ஆறு முகப் பகடை ஒன்று. ஆளுக்கொரு அட்டை, அதில் மூன்று வரி: நீ யார், உனக்கு என்ன நன்றாக வரும், எதற்குப் பயம். நன்றாக வருவதைச் செய்ய மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் போதும், மற்றதற்கு ஐந்து. புதுப் பெண் பத்தே நிமிஷத்தில் கூரையேறித் திருடிக்கொண்டிருந்தாள். சட்டம் மட்டும் இதெல்லாம் விளையாட்டே இல்லை என்று முனகினான். பிறகு அவனும் கூரையேறினான்.

சும்மா பொழுது போக்க வருகிறவர்களுக்குச் சின்னப் புத்தகம் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. தன் முறை வரும்போது சொல்ல அவர்களிடம் சொந்தமாக ஏதாவது இருக்க வேண்டும். அந்த மூன்று வரி அதைக் கொடுக்கிறது.

அடியில் நானே ஒரு விதி சேர்த்தேன்: தன்னைப் பற்றி ஒருவர் எடுக்கும் முடிவுக்குப் பகடை கிடையாது, மறுப்பும் கிடையாது.

மார்ச் 23, ஞாயிறு

ஃபோன் செய்தேன். ஒரே ஒரு ஞாயிறு வாங்க, ஒரு பக்கம்தான், ஒரு பகடைதான் என்றேன். குரல் கெஞ்சியது, கெஞ்சட்டும். வருகிறேன் என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

வந்தார். முடி வெட்டியிருந்தார். அட்டையைத் தானே எழுதினார். படகோட்டி. தண்ணீர் தெரியும். கூட்டம் என்றால் பயம்.

ஏழு தடவை உருட்டினார். இரண்டு தடவை என் கை அந்தப் பகடைப் பக்கம் தானாகப் போனது, இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளத்தில் சட்டத்தையும் நாத்தனாரையும் ஏற்றிக்கொண்டு, சுழலில் துடுப்பு உடைந்து, கதவுப் பலகையால் தள்ளி — எல்லாம் அவர் சொன்னது. நான் சொல்லவே இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்தச் சிரிப்பை எத்தனை வருஷமாக நான் பார்க்கவில்லை?

அக்கரை வந்தது. மற்ற இருவரும் இறங்கினார்கள். "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவங்களை இறக்கி விட்டாச்சு. நான் படகைத் திருப்பிக்கிட்டுப் போறேன்."

சட்டம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாத்தனார் அவன் கையை அமுக்கினாள். அடியில் எழுதிய விதி என் முன்னால் இருந்தது. சரி என்றேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "வந்துடுங்களேன்" என்றேன். வெட்கத்தையெல்லாம் விட்டுத்தான் கேட்டேன்.

"இல்லைம்மா. இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்தது. அதனாலதான் சொல்றேன், இல்லைம்மா."

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உள்ளே இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வக்கீல் அலுவலகம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் வக்கீலைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

காலையில் அவரிடமிருந்து செய்தி. அந்த ஒரு பக்கத்தை அனுப்ப முடியுமா, வேலை இடத்தில் பையன்கள் ஆடிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், நான்தான் நடத்தப் போகிறேன் என்று எழுதியிருந்தார். அனுப்பினேன்.

மத்தியானம் குரல் செய்தி வந்தது. இரண்டு பேர் ஒரே பொருளுக்குப் பாய்ந்து, ஒரே எண் விழுந்தால் யாருக்கு என்று சந்தேகம். பின்னால் ஒரே சிரிப்பும் நாற்காலி இழுக்கிற சத்தமும். யாரோ "அண்ணே, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்கிறான். அவர் சொல்கிறார்: "அதை நீதான்டா சொல்லணும்." நாலு தடவை கேட்டேன். எவ்வளவு சந்தோஷமான குரல்.

ஒரே எண் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது, எது சிறந்தது என்றும் எனக்குத் தெரியும். "நீங்க எப்படி முடிவு பண்றீங்களோ அப்படி" என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.